பிரேசர் டவுன் பங்குக் கோவில்: 1940-க்கு முந்தைய பதிவேடுகள் எங்கே?

பெங்களூரு பிரேசர் டவுனில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் எந்த வருடம் கட்டியது என்று தெரியவில்லை. பங்கு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. 1898 பிளேக்குக்கு அப்புறம், கண்டோன்மென்ட் (பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்புப் பகுதி) நெரிசலைக் குறைக்க 1906-ல் திட்டம் போட்டு உருவாக்கிய பகுதி இது.

அடிக்கல்லில் ரோமன் எண்ணில் எம்.சி.எம். (அதாவது 1900) வரை படிக்க முடிகிறது. மீதியெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா அடித்த பெயின்டுக்கு அடியில். விரலால் தடவினால் எக்ஸ் மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். சுரண்டிப் பார்க்க பங்குத்தந்தை சம்மதிக்கவில்லை, அதுவும் நியாயம்தான்.

பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு 1940-களில்தான் தொடங்குகிறது. பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். இணையத்தில் பிரிட்டிஷ் காலப் பதிவுகளையும் தேடினேன். நான் பார்த்தவரை எல்லாம் ஐரோப்பியர் பெயர்கள், நம் சனங்களைக் காணோம்.

பெங்களூரு மறைமாவட்டம் (ஆயரின் நிர்வாகப் பகுதி) உருவானதே 1940-ல்தான். அதுவரை மைசூர் மறைமாவட்டத்தின் கீழ், பாரிஸிலிருந்து வந்த பிரெஞ்சு மிஷனரிகளின் பொறுப்பில் இருந்தது.

அந்தக் காலப் பங்குப் பதிவேடுகளையும் கடிதங்களையும் மைசூரில் தேடுவதா, பாரிஸில் அந்த மிஷனரிகளின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதா?