ஆங்கர் பாயிண்டில் பாறையிலிருந்து குதிப்பது வீம்பா?

அப்புத்தளை_அலையன்:
பசறைக்காரி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன். நுவரெலியாத் தம்பி ஒருவர் ஜனவரியில் சர்ஃபிங் பண்ண மொரோக்கோ போகிறாராம். அகாதிருக்கு வடக்கே தகசூட்டில் இருக்கிற ஆங்கர் பாயிண்ட் என்ற பாறை முனையில் எப்படித் தண்ணிக்குள் இறங்குவது என்று கேட்டார். அதற்கு இந்த அம்மா கொடுத்த பதில், "கடற்கரையிலிருந்து போர்டில் படுத்துக் கையால் பேடில் பண்ணியே போகலாம், பாறை முனையிலிருந்து குதிப்பதெல்லாம் வீம்பு, வீடியோவுக்குக் காட்டுகிற வேலை." அதற்குப் பத்துப் பேர் லைக் வேறு. நான் அறுகம்பேயில் கெஸ்ட் ஹவுஸ் குசினியில் நின்று சர்ஃபிங் பழகியவன். பிரான்சுக்கு வந்த பிறகு குளிர்காலத்தில் லீவு கிடைத்தால் போவது தகசூட்டுக்குத்தான். அந்தப் பாறையில் நின்று அலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அங்கே முனையிலிருந்து குதிப்பது வீம்பு இல்லை, அதுதான் முறை. தெரியாத இடத்தைப் பற்றி அறிவுரை சொல்லிப் புதுப் பிள்ளைகளைக் கெடுக்க வேண்டாம்.

பசறைக்காரி:
அண்ணே, என் பெயரைப் போட்டு இழை தொடங்கியதற்கு நன்றி. நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டீர்களே, அது ஏன்? "புதியவர் என்றால்" என்றுதான் நான் தொடங்கினேன். அந்தத் தம்பி அறுகம்பேயில் பேபி பாயிண்ட் என்கிற சின்ன அலையைத் தாண்டாதவர், அதை அவரே சொல்லியிருக்கிறார். ஜனவரியில் அங்கே தண்ணீர் 16, 17 பாகையில் இருக்கும், குளிருக்குப் போடுகிற வெட்சூட் போட்டாலும் பாதம் மரத்துவிடும். மரத்த காலோடு, மட்டி ஒட்டிய பாறையில், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க அவர் குதிக்க வேண்டுமா? சீசனில் ஆட்களைத் தண்ணிக்குள் இறக்குவதே என் பிழைப்பு. கால் கிழிந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவதும் நான்தான், நீங்கள் இல்லை. அலை சிறியதாக இருக்கிற நாளில் கரையிலிருந்து போனால் ஒன்றும் ஆகாது. குதிப்பது வீம்புதான்.

அப்புத்தளை_அலையன்:
கரையிலிருந்து போனால் ஒன்றும் ஆகாதாம். அலை எப்படி வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் வட அத்திலாந்திக்கில் புயல் அடிக்கிறது, அது கிளப்பிய அலை வடமேற்கிலிருந்து வருகிறது. 15 விநாடி இடைவெளியுள்ள அலை என்றால் ஏறக்குறைய 175 மீட்டர் ஆழம் வந்ததுமே கடலடி அதை இழுக்கத் தொடங்கும். அதனால்தான் முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வருகிறது. முனையில் முதலில் உடையும், பிறகு கரையோரமாக ஒரே ஓட்டமாக, அலையில் வருகிறவனுக்கு வலது பக்கம் ஓடும். அப்படி உடைகிற ஒவ்வொரு அலையும் தண்ணீரையும் அதே பக்கம் தள்ளுகிறது. கரையிலிருந்து புறப்படுகிறவன் அந்த நீரோட்டத்துக்கு எதிராகக் கை வலிக்க அடித்துக்கொண்டு போக வேண்டும். அரைவாசித் தூரத்தில் செட், அதாவது பெரிய அலைக் கூட்டம், வந்தால் தலையில் வாங்குவான், அதோடு அலையில் வருகிறவன் வழியிலும் கிடப்பான். வருகிறவன் இவன்மேல் ஏற்றாமல் இருக்கப் பாறைப் பக்கம் திரும்புவான். இதில் யாருக்கு ஆபத்து? முனையில் குதித்தால் நாலைந்து பேடிலில் உடைகிற இடத்துக்கு வெளியே நிற்கலாம். சோம்பேறித்தனத்துக்காகவோ வீரத்துக்காகவோ குதிப்பதில்லை. குதிப்பதுதான் மற்றவனுக்குச் செய்கிற மரியாதை.

ஹட்டன்_சிவா:
அலையா, மரியாதையைப் பற்றி நீ பேசுகிறாயா? அறுகம்பே மெயின் பாயிண்டில் இதே மாதிரி முறை, முறை என்று சொல்லிப் பாறையிலிருந்து குதித்தாயே, அப்போது மூக்கு உடைந்தது யாருடைய போர்ட்? என்னுடையது. உள்ளே தண்ணி ஏறிக் கனத்துப்போய் விலைக்கும் போடாமல் இன்றைக்கும் வீட்டுக் கோடியில் கிடக்கிறது. "திருத்தித் தருகிறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறியவன் நீ. குதிக்கிறவனுக்கு என்ன, உடைவது அடுத்தவன் சாமான்தானே.

அப்புத்தளை_அலையன்:
சிவா, அந்த போர்ட் எல்லையிலிருந்து வெல்லவாய இறக்கத்தில் திரீவீலர் கூரையில் கட்டி வந்தபோதே வெடித்திருந்தது. கயிறு கட்டியது நீ. வெடிப்பைக் காட்டியபோது "டேப் ஒட்டினால் போதும்" என்றதும் நீ. இதை இங்கே இழுக்க வேண்டாம். பேச்சு ஆங்கர் பாயிண்டைப் பற்றி.

லிந்துலை_வாத்தியார்:
எல்லோரும் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் நல்லது. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்வோமா? பாயிண்ட் பிரேக் என்றால் நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனையைச் சுற்றி அலை உடைவது, அவ்வளவுதான். அடியில் பாறை, கூழாங்கல், மணல் எதுவும் இருக்கலாம். எப்படி இறங்குவது என்பது அந்தந்த இடத்தையும் அன்றைய அலையையும் பொறுத்தது, ஒரே விதி கிடையாது. அப்புறம், அந்தத் தம்பி கேள்வி கேட்ட இழையில் அகாதிர் கரையைப் பாலைவனக் கரை என்று எழுதியிருந்தார்கள். அகாதிர் பக்கம் வருடத்துக்கு 250 மில்லிமீட்டர் அளவில் மழை உண்டு, ஆர்கன் மரம் வளர்கிறது, ஆடு மேய்கிறது. அதை அரை வறட்சிப் பகுதி என்றுதான் சொல்ல வேண்டும். சகாரா கடலைத் தொடுவதைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் தெற்கே போக வேண்டும்.

அப்புத்தளை_அலையன்:
சார், பாலைவனமா அரைப் பாலைவனமா என்று யார் கேட்டது? லிந்துலையில் ஒரு மாதம் பெய்கிற மழை அங்கே வருடம் முழுக்கப் பெய்யாது, எனக்கு அது பாலைவனம்தான். ஆறு வந்து மண் கொட்டாததால் பாறை அப்படியே வெளியே நிற்கிறது. கேள்வி ஒன்றுதான். அந்தப் பாறையிலிருந்து குதிப்பது வீம்பா, முறையா? அதற்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லை.

பொத்துவில்_காக்கா:
சிரிப்பாக இருக்கிறது. கொழுந்துத் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்துகொண்டு மொரோக்கோ பாறையைப் பற்றிச் சண்டை. உங்கள் ஊரில் கடல் எந்தப் பக்கம்? நாங்கள் கடலில் பிறந்த ஆட்கள். மெயின் பாயிண்டில் வாப்பாமார் மீன் பிடிக்கக் கால் வைத்த பாறையில்தான் இன்றைக்கு வெள்ளைக்காரன் போர்டோடு நிற்கிறான். அந்தப் பாறையில் எங்கே வழுக்கும், எங்கே முள் இருக்கும் என்று சின்ன வயதிலேயே எங்கள் காலுக்குத் தெரியும். 2019இல் உலக சர்ஃப் லீக் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது, அப்புத்தளைக்கு வரவில்லை. குதிக்கலாமா என்று கடல்காரனிடம் கேளுங்கள். என் பதில், குதிக்கலாம், ஆனால் இவரைப் போல ஆட்கள் குதிக்கக் கூடாது.

பசறைக்காரி:
காக்கா, அந்தப் பேச்சை விடுங்கள். சீசன் முழுக்க உங்கள் ஊர் ஹோட்டல்களில் சமைக்கிறதும், அறை கூட்டுகிறதும், விடிய நாலு மணிக்கு போர்டைத் தூக்கி ஏற்றுகிறதும் யார்? மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக பஸ்ஸில் இடித்துக்கொண்டு வருகிற எங்கள் பிள்ளைகள். அவர்கள் வேலை முடிந்த பிறகு தண்ணிக்குள் இறங்கினால் மட்டும் "உங்கள் ஊரில் கடல் எங்கே" என்று கேட்பீர்களா? அலை யார் தோட்டத்துக் காணியும் இல்லை. அலையன் அண்ணன் சொல்வது பிழை, அது வேறு விஷயம். மலைநாட்டான் என்பதால் அவர் பேசக் கூடாது என்றால் நான் அவர் பக்கம்.

பொத்துவில்_காக்கா:
தங்கச்சி, நான் வேலை செய்கிறவர்களைச் சொல்லவில்லை. கடலைச் சொன்னேன்.

நுவரெலியா_புதுசு:
நான்தான் அந்தக் கேள்வி கேட்டவன். டிக்கெட் போட்டாச்சு. குதிக்க வேண்டுமென்றால் எப்படிக் குதிப்பது என்று யாராவது சொல்ல முடியுமா? ரப்பர் சப்பாத்து வாங்க வேண்டுமா?

அப்புத்தளை_அலையன்:
தம்பி, இதைக் கேட்டாயே, சந்தோஷம். கவனமாகப் படி. போனதும் குதிக்காதே, கால் மணி நேரமாவது நின்று பார். அலைகள் கூட்டமாக வரும், அதுதான் செட், நாலு, ஐந்து, சிலநேரம் ஏழுகூட வரும். பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கும், உனக்கு வேண்டியது அந்த அடக்கம். பாறையின் நிறத்தைப் பார். ஈரமாகக் கறுத்திருக்கிற கோடு வரைக்கும் தண்ணி ஏறி வந்திருக்கிறது, அந்தக் கோட்டுக்கு மேலே நின்று காத்திரு. காயாத இடத்தில் நிற்கிறவனைத்தான் பெரிய அலை வந்து கழுவிக்கொண்டு போகும். போர்டையும் காலையும் இணைக்கிற கயிறுதான் லீஷ், அதைக் காலில் கட்டிவிட்டு மிச்சக் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடி, தொங்கவிட்டால் பாறையில் மாட்டி இழுக்கும், பலர் அடிபடுவது அதனால்தான். செட்டின் கடைசி அலை ஏறி வந்து திரும்புகிறபோது பாறை நிறையத் தண்ணி இருக்கும். அந்தத் தண்ணி பின்வாங்குவதோடு சேர்ந்து நீயும் போ. தலைகீழாகப் பாயாதே, போர்டை முன்னால் பிடித்து நெஞ்சோடு தட்டையாக விழு. விழுந்த உடனே பேடில், திரும்பிப் பார்க்காதே. சப்பாத்து வாங்கு, அதில் வெட்கம் வேண்டாம். அங்கே பாய்லர்ஸ் என்கிற இன்னொரு அலைப் பக்கம் போனால் கட்டாயம் வேண்டும், அங்கே பாறை இடுக்கெல்லாம் கடல் முள்ளெலி. இதில் வீரம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். எல்லாம் பொறுமை. பொறுமையாக நின்று குதிக்கிறவனை வீம்புக்காரன் என்கிறார்கள், எனக்கு வலிப்பது அதுதான்.

பசறைக்காரி:
இவ்வளவும் தெரிந்த பிறகும் நீங்கள் அந்தத் தம்பியைக் குதிக்கச் சொல்கிறீர்கள் பாருங்கள், என் கோபம் அதில்தான். அடக்கம் எப்போது வரும் என்று படிக்கப் பழக்கம் வேண்டும். மூன்றடி அலையில் முழங்கால் வரை தண்ணியில் நின்று பழகிய பிள்ளைக்கு அது ஒரே காலையில் வந்துவிடுமா? உண்மையான பாலைவனக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள், பெருவில் சிகாமா. வாத்தியார் கேட்ட மாதிரி மழையே இல்லாத இடம். இடது பக்கமாக ஓடுகிற அலைகளில் உலகத்திலேயே மிக நீளமானவற்றில் அது ஒன்று. அந்த நாட்டு அரசாங்கம் அலைகளைக் காக்க 2000ஆம் ஆண்டு சட்டம் போட்டு, 2016இல் அந்தச் சட்டத்தில் முதலாவதாகப் பதிந்தது சிகாமாவைத்தான். அங்கே நீரோட்டம் இழுத்துப் போகும், அதனால் சின்ன ரப்பர் படகில் ஏற்றிப் போய் அலை தொடங்குகிற இடத்தில் விடுகிறார்கள். படகில் போகிறவன் சர்ஃபர் இல்லையா? கரையோரமாக நடந்து போய் இறங்குகிறவன் சர்ஃபர் இல்லையா? குதித்தால்தான் சர்ஃபர் என்று யார் எழுதி வைத்தது?

அப்புத்தளை_அலையன்:
பார்த்தீர்களா, மொரோக்கோவைக் கேட்டால் பெருவுக்குப் போகிறார். சிகாமாவில் அலை ஓடுகிற பெரும்பகுதி மணல், நடந்தே இறங்கலாம். ஆங்கர் பாயிண்ட் முனை பாறை. மணலில் குதிக்க நான் யாரையும் சொல்லவில்லை. அங்கே படகு எதற்கு வந்தது என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், நீரோட்டத்துக்கு எதிராகப் பேடில் பண்ண முடியாது என்பதால். நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதானே? குதித்தால்தான் சர்ஃபர் என்று நான் எந்த வரியில் எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் "வீம்பு" என்று எழுதியதை நான் எடுத்துக் காட்டிவிட்டேன்.

பசறைக்காரி:
"புதியவர் என்றால்" என்பதையும் சேர்த்து எடுத்துக் காட்டுங்கள்.

லிந்துலை_வாத்தியார்:
இரண்டு பேரும் ஒரு இடத்தில் சந்திக்கலாமே. சின்ன அலை நாளில் கரையிலிருந்து, பெரிய அலை நாளில் முனையிலிருந்து. நான் மேலே சொன்னதும் இதுதான்.

அப்புத்தளை_அலையன்:
சார், பெரிய நாளில் முதல் முறையாகக் குதித்தால் செத்துப்போவான். சின்ன நாளில்தான் குதித்துப் பழக வேண்டும், நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள். தம்பி, வாத்தியார் சொன்னதைக் கேட்காதே.

ஹட்டன்_சிவா:
சின்ன நாளில்தான் என் போர்டும் உடைந்தது.

பொத்துவில்_காக்கா:
சிவா தம்பி, அந்த போர்டைக் கொண்டுவாருங்கள். எங்கள் ஊரில் திருத்துகிற ஆள் இருக்கிறார், பைபர் போட்டுத் தருவார். காசை அலையனிடம் வாங்குங்கள்.

அப்புத்தளை_அலையன்:
நான் ஒரு சதம் தர மாட்டேன். கயிறு கட்டியவன் தரட்டும். ஏப்ரலில் ஊருக்கு வருகிறேன், மெயின் பாயிண்டில் எல்லோரும் பார்க்கச் சப்பாத்து இல்லாமல் குதித்துக் காட்டுகிறேன், கால் கீறினால் அப்புறம் பேசுங்கள்.

பசறைக்காரி:
இதற்குத்தான் வீம்பு என்று எழுதினேன்.

அப்புத்தளை_அலையன்:
ஆங்கர் பாயிண்டைப் பற்றிப் பேசுங்கள்.