வலி இல்லாத ஹெர்னியா: ஆபரேஷன் பண்ணிடலாமா, பொறுத்துப் பாக்கலாமா?

சாயங்கால நடை

வணக்கம். எனக்கு வயசு 48. கொஞ்ச மாசமா வலது பக்கம் தொடை இடுக்குல சின்னதா ஒரு வீக்கம், நின்னா வெளிய தெரியுது, படுத்தா தானா உள்ள போயிடுது, கை வச்சுக்கிட்டு இருமுனா உள்ளேருந்து ஏதோ முட்டுற மாதிரி தெரியும். வலின்னு பெருசா இல்ல, சாயங்காலம் ஆனா லேசா இழுக்கும் அவ்ளோதான். ஒரு டாக்டர் இது இங்குவினல் ஹெர்னியா, அதாவது வயித்துச் சதையில விழுந்த ஓட்டை வழியா உள்ள இருக்கிற குடலோ கொழுப்போ இடுக்குல பிதுங்குறது, ஆபரேஷன் பண்ணிடுங்கன்னாரு. இன்னொருத்தர்கிட்ட காட்டினா தொந்தரவு இல்லேன்னா அவசரம் ஒண்ணுமில்லங்கிறாரு. ரெண்டு பேரு சொல்றதும் நியாயமாத்தான் படுது. வீட்ல எல்லாரும் குடல் சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்துன்னு பயப்படுறாங்க. பெல்ட் போட்டா, எக்சர்சைஸ் பண்ணா சரியாயிடுமா? ஆபரேஷன்ல ஓட்டை மேல மெஷ்னு ஒரு வலை வைப்பாங்களாம், அதை வச்சா காலம் பூரா வலி இருக்கும்னு வேற படிச்சேன். இந்த முடிவை எடுத்தவங்க எப்படி எடுத்தீங்கன்னு சொல்லுங்க.

வார்டு நர்ஸ்

சார், நான் சர்ஜரி வார்டுல வேலை பாக்குறேன். முதல்ல பெல்ட், எக்சர்சைஸ் விஷயத்தை முடிச்சிடலாம். பெரியவங்களுக்கு வயித்துச் சதையில விழுந்த ஓட்டை தானா மூடாது. பெல்ட் அழுத்திப் பிடிச்சு வைக்கும், கழட்டினா பழையபடிதான்.

ரெண்டு டாக்டரும் தப்பா சொல்லல. அமெரிக்காவுல இதையே கேள்வியா எடுத்து ஒரு ஆய்வு பண்ணாங்க, 2006ல வந்துச்சு. தொந்தரவு இல்லாத, இல்ல ரொம்ப லேசா இருந்த ஆம்பளைங்க 720 பேர், ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு பாதி பொறுத்துப் பாத்தாங்க. காத்திருந்தவங்கள்ல குடல் சிக்கி அவசரமா ஓடினது வருஷத்துக்கு ஆயிரத்துல ரெண்டு பேருகூட இல்ல. அதனால நாளைக்கே ஏதாவது ஆயிடும்னு தூக்கம் கெட வேண்டாம். ஆனா அதே ஆளுங்களைத் தொடர்ந்து பாத்தப்போ 10 வருஷத்துல 68 சதவீதம் பேர் ஆபரேஷனுக்கு வந்துட்டாங்க, பெரும்பாலும் வலி வந்ததாலதான். அதாவது காத்திருக்கிறது ஆபத்தில்ல, ஆனா பெரும்பாலானவங்களுக்கு அது தள்ளிப்போடுறதுதான்.

இது உங்கள மாதிரி உள்ள போய் வர்ற ஹெர்னியா இருக்கிற ஆம்பளைங்களுக்கு மட்டும். பொம்பளைங்களுக்கு, குழந்தைங்களுக்கு இந்தக் கணக்கைப் போடாதீங்க.

ஒண்ணு மட்டும் வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க. வீக்கம் திடீர்னு கல்லு மாதிரி ஆகி உள்ள போகலேன்னா, தாங்க முடியாத வலி, வாந்தி, வயிறு உப்பி காத்துகூட பிரியலேன்னா, மேல தோல் சிவந்தோ கறுத்தோ போச்சுன்னா, அமுக்கி உள்ள தள்ளப் பாக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது.

கனம் தூக்கி

அண்ணே நான் பொறுத்துப் பாத்து அப்புறம் பண்ணிக்கிட்டவன். எனக்கு வேலையே நின்னுக்கிட்டு, கனம் தூக்கிக்கிட்டு. மொதல்ல உங்கள மாதிரிதான் இருந்துச்சு, அப்புறம் மதியத்துக்கு மேல அடிக்கடி ஓரமா போய் கையால அமுக்கி விட்டுட்டு வர்ற மாதிரி ஆச்சு, தும்மல் வந்தா கை தானா அங்க போயிடும், அந்தக் கட்டத்துல இனி காத்திருந்து பிரயோஜனம் இல்லன்னு தோணிடுச்சு.

ஓப்பன் முறைதான், அதாவது இடுக்குல கீறித் திறந்து பண்றது, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வச்சுப் பண்ணாங்க, உள்ள என்னமோ இழுக்கிறது தெரிஞ்சுது, வலி இல்ல. அப்புறம் நடக்கிறதைவிட கட்டில்லேருந்து எழுந்திரிக்கிறதுதான் கஷ்டம், ஒருக்களிச்சுப் படுத்து காலைத் தொங்கவிட்டு கையை ஊணி எழுந்துக்கணும். இருமல் வந்தா தலையணையை அந்த இடத்துல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமணும். விதைப்பை வீங்கி கருநீலமா ஆயிடுச்சு, அதைப் பாத்து ரொம்ப பயந்துட்டேன், ரத்தம் கீழ இறங்கினது தானா வத்திடும்னாங்க, வத்திடுச்சு. தழும்புக்குக் கீழ கொஞ்சம் இடம் இன்னமும் மரத்த மாதிரி இருக்கு, தொல்லை ஒண்ணுமில்ல. இப்ப நிம்மதியா தூக்குறேன்.

அம்மாவுக்காக

நர்ஸ் சொன்னதுல பொம்பளைங்க விஷயத்தை யாரும் லேசா எடுத்துக்காதீங்க ப்ளீஸ். எங்க அம்மாவுக்கு இடுக்குல சின்ன உருண்டை, நெறிகட்டின்னே நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, ஸ்கேன்ல ஃபெமோரல் ஹெர்னியான்னு வந்துச்சு. அது தொடை பக்கம் கீழாப்புல ஒரு குறுகலான சந்து வழியா வர்றது, சுலபமா சிக்கிக்கும், அதனால வலி இல்லேன்னாலும் பண்ணியே ஆகணும்னு டாக்டர் உறுதியா சொல்லி உடனே தேதி குடுத்துட்டாரு. சின்னதா இருந்தா ஆபத்து கம்மின்னு நெனைக்காதீங்க, எந்த வகைன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.

சாயங்கால நடை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வீட்ல படிச்சுக் காட்டினேன், பயம் பாதி குறைஞ்சுது. மெஷ் வலி பத்தி மட்டும் யாராவது சொல்லுங்க, எனக்கு இப்ப வலியே இல்லாதப்போ ஆபரேஷன் பண்ணி வலியை வாங்கிக்கிட்டா என்ன பண்றதுன்னுதான் ஓடிக்கிட்டே இருக்கு.

வார்டு நர்ஸ்

சரியான கேள்வி சார். ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு மாசக்கணக்குல ஏதாவது வலி நிக்குது, அன்றாட வேலையையே கெடுக்கிற அளவுக்கு வர்றது நூத்துல சில பேருக்குத்தான், ஆனா அது நெஜம், இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு மெஷ் மட்டும் காரணமில்ல, அந்த இடத்துல ஓடுற நரம்பு அடிபட்டாலும் வரும், மெஷ் வைக்காம தைச்சாலும் வரலாம். மெஷ் இல்லேன்னா ஹெர்னியா திரும்ப வர்றது ஜாஸ்தி, அதனாலதான் வைக்கிறாங்க. லேப்ராஸ்கோபில, அதாவது சின்னத் துளைங்க போட்டு கேமரா வழியா பாத்துப் பண்றதுல, இந்த நீடிச்ச வலி கொஞ்சம் கம்மி, ஆனா பெரும்பாலும் முழு மயக்கம் குடுப்பாங்க, அதுல நல்லா கை பழகின சர்ஜன் வேணும். அவருகிட்ட இது எத்தனை பண்ணியிருக்கீங்க, என் விஷயத்துல ஏன் இந்த முறைன்னு கேளுங்க, தயங்காதீங்க.

என் கருத்து, உங்க நிலைமையில ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கலாம், நடுவுல டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டே இருங்க. வீக்கம் பெருசாகுது, இழுக்கிறது வலியா மாறுது, வேலையைக் குறைச்சுக்க வேண்டியிருக்குன்னா அப்பவே பண்ணிடுங்க, எமர்ஜென்சில பண்றதைவிட தேதி குறிச்சுப் பண்றது எவ்வளவோ பாதுகாப்பு. அதுவரைக்கும் சிகரெட் இருந்தா விட்டுடுங்க, நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இருந்தா அதுக்கு இப்பவே வைத்தியம் பாருங்க, முக்குறதும் இருமுறதும்தான் அந்த ஓட்டையைப் பெருசாக்கும், நாளைக்குத் தையலையும் இழுக்கும்.

சாயங்கால நடை

சிகரெட் இருக்குங்க, இருமலும் அதனாலதான். ரெண்டாவது டாக்டர்கிட்டயே தொடர்ந்து காட்டுறேன்னு முடிவு பண்ணிட்டேன், அடுத்த தடவை போறப்போ சர்ஜன்கிட்ட கேக்கச் சொன்ன கேள்விகளையும் எழுதி எடுத்துட்டுப் போறேன்.