ஜெட்டியில் மோதும் விசைப்படகு: டயருக்கு வரும் விசையை எப்படிக் கணக்கிடுவது?

தொண்டி பிளஸ் ஒன்:
மண்டபம் ஜெட்டிக்கு (படகு அணையும் துறை) 15 டன் விசைப்படகு ஒன்று இன்ஜினை நிறுத்திவிட்டு 0.5 மீ/வி வேகத்தில் வருகிறது. ஜெட்டியில் தொங்கும் டயர் 10 செ.மீ. அமுங்கியதும் நிற்கிறது. விசை எவ்வளவு? உந்தத்தை நேரத்தால் வகுக்கலாம் என்றால் நேரம் தரவில்லை. மோதலில் ஆற்றல் வீணாகும் என்கிறார்களே, ஆற்றல் மாறா விதி இங்கே செல்லுமா?

இயற்பியல் வாத்தியார்:
தாராளமாகச் செல்லும். நேரம் தெரியாது, தூரம் தெரியும் என்றால் ஆற்றல் வழிதான் சுலபம்மா. இயக்க ஆற்றல் ½ × 15,000 × 0.5² = 1,875 ஜூல். இது முழுக்க டயரை அமுக்கும் வேலையாகிறது. பிறகு அதில் கொஞ்சம் வெப்பமாகும், மிச்சம் படகைத் திருப்பித் தள்ளும். படகு நிற்கும் கணம் வரைக்கும் நமக்கு அது தேவையில்லை. 1,875 ÷ 0.1 = 18,750 நியூட்டன். டயர் இல்லாமல் 1 செ.மீ.க்குள் நின்றால் 1,87,500. பலகை பிளந்துவிடும்.

பாம்பன் படகுத்துறை:
சார் சொன்னது சராசரி விசை. டயர் சுருள்வில் மாதிரி நடந்துகொண்டால் விசை பூஜ்யத்திலிருந்து ஏறும். கடைசியில் சராசரிக்கு இரண்டு மடங்கு, 37,500 நியூட்டன். ஜெட்டிச் சுவர், படகின் பலகை எல்லாம் இதைத்தான் தாங்க வேண்டும்.

நிறைய பேர் தவறுவது வேகத்தில். கச்சான் காற்று பலத்து படகு 1 மீ/வி வேகத்தில் வந்தால் ஆற்றல் நான்கு மடங்கு, 7,500 ஜூல். உடனே விசையும் நான்கு மடங்கு என்று எழுதிவிடுகிறார்கள். அமுங்கும் தூரம் மாறாவிட்டால்தான் அது சரி. சுருள்வில்லில் தூரமும் 20 செ.மீ. ஆகும், உச்ச விசை இரண்டு மடங்கோடு நிற்கும். ஆனால் டயருக்குள் அவ்வளவு இடம் இருக்காது. தட்டையாகிவிட்டால் அதன்பின் கான்கிரீட்டில் மோதுவது போலத்தான்.

பழைய 0.5 மீ/வி வேகத்திலேயே, ஒன்றின் முன் ஒன்றாக இரண்டு டயர் கட்டினால் இரண்டும் சேர்ந்து அமுங்குவது 14 செ.மீ., உச்ச விசை 26,500 ஆகக் குறையும். பக்கத்தில் பக்கத்தில் கட்டி இரண்டும் ஒரே நேரத்தில் பட்டால், டயர் ஒன்றுக்கு அதே 26,500தான். படகுக்கோ மொத்தம் 53,000.

தொண்டி பிளஸ் ஒன்:
ஜெட்டிக்குப் பதிலாக, கட்டாமல் மிதக்கும் இன்னொரு 15 டன் படகில் மோதினால்?

இயற்பியல் வாத்தியார்:
அங்கே 1,875-ஐ அப்படியே போட்டால் தப்பு. முதலில் உந்தம்: டயர் அதிகமாக அமுங்கும் கணத்தில் இரண்டு படகும் 0.25 மீ/வி வேகத்தில் சேர்ந்து நகரும். அந்த இயக்க ஆற்றல் 937.5 ஜூல். டயருக்குள் போவது மீதிப் பாதி மட்டும்.

பாம்பன் படகுத்துறை:
நிஜப் படகுக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் அணையும்போது கூடவே தண்ணீரும் நகரும், அதனால் நிறையைக் கூட்டித்தான் போட வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் உந்துவிசை × அமுங்கிய தூரமும் கணக்கில் வரும்.