முதல் சலவையில் தெரிந்தது: ஒட்டுப்போர்வைக்குப் பருத்தித் துணி எடுத்த அனுபவங்கள்

ஊசிநூல்

அண்ணன் பேரனுக்குத் துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வையைப் பற்றி எழுதிவிட்டால்தான் எனக்கு மனம் ஆறும். வெள்ளைக் காம்ப்ரிக் பருத்தியும் அரக்குச் சிவப்புப் பாப்ளின் பருத்தியும் மாறி மாறி வரும் நான்கு அங்குலக் கட்டம்தான். இரண்டும் கெட்டியாகவும் பளிச்சென்றும் இருந்ததால், நனைத்துப் பார்க்காமலேயே வெட்டிவிட்டேன். முதல் சலவையில் வாளித் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த நீரைப் போல மாறியபோதுகூட நான் பதறவில்லை. கொடியில் விரித்த பிறகுதான் கவனித்தேன். வெள்ளைக் கட்டங்கள் முழுவதுமாகச் சிவக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும், அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததைப் போல, கால் அங்குல அகலத்துக்கு ஓர் இளஞ்சிவப்புப் பட்டை ஓடியிருந்தது. தையலுக்கு உள்ளே மிஞ்சும் ஓர மடிப்பை நான் வெள்ளைப் பக்கம் சாய்த்துத் தேய்த்திருந்ததால், உள்ளே மறைந்திருந்த சிவப்புத் துணி தன் இடத்தை வெளியே காட்டிக்கொடுத்துவிட்டது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "பார்டர் அழகாக வைத்திருக்கிறாயே" என்றார். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கொங்கு மருமகள்

சகோதரி, வெட்டுவதற்கு முன் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்ட தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

எனக்கு வினையாக வந்தது கஞ்சி. செவ்வாய்க்கிழமைச் சந்தைக்காக ஈரோட்டுக்குப் போயிருந்தபோது, போர்வையின் பின்பக்கத்துக்கென்று ஒரு கடையில் ஐந்து மீட்டர் வாங்கினேன். மடிப்புக் கலையாமல், தட்டினால் காகிதத்தைப் போலச் சத்தம் எழுப்பிய துணி அது. வீட்டில் அலசிக் காயவைத்து, டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். விளக்கு மட்டுமல்லாமல், அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லியின் வாலும் துணி வழியாகத் தெரிந்தது. கடையிலேயே ஒரு முனையைக் கசக்கியிருந்தால் விரலில் மாவு உதிர்ந்திருக்கும், எனக்கும் அது தெரியும். கடைக்காரர் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டார். காபியைக் குடித்துக்கொண்டே அவர் துணியைக் கசக்க எனக்குக் கை வரவில்லை.

சாயக்காரர்

உப்புக் கதையை மட்டும் தயவுசெய்து பரப்பாதீர்கள், அம்மா. நான் 20 ஆண்டுகளுக்கு மேல் சாயப்பட்டறையில் இருந்தவன். இப்போது பருத்திக்குப் பெரும்பாலும் போடப்படும் ரியாக்டிவ் சாயத்தில், உப்பு செய்கிற வேலை சாயத்தொட்டியிலேயே முடிந்துவிடுகிறது. அது சாயத்தை நூலின் பக்கம் தள்ளுகிறது, சலவைச் சோடாதான் நூலோடு பிணைக்கிறது. பிணையாமல் எஞ்சும் சாயத்தைச் சோப்புக் கலந்த கொதிநீரில் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். தண்ணீரையும் விறகையும் மிச்சப்படுத்த நினைக்கும் பட்டறை, அந்த அலசலில்தான் கை வைக்கும். அந்த மிச்சச் சாயம்தான் ஊசிநூல் அம்மாவின் வாளிக்கு வந்தது. அதை நீங்கள் உப்பாலோ வினிகராலோ கட்டிப்போட முடியாது, கழுவித்தான் தீர வேண்டும்.

ஆகவே அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றையும் வாங்கும்போது, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியை 20 முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி, வெந்நீரில் துவைத்து, காய்ந்த பின் அளந்தும் பாருங்கள். 50 சென்டிமீட்டர் 48 ஆகிவிட்டால் அது 4 விழுக்காடு சுருங்கும் துணி, அதைச் சுருங்காத துணியோடு சேர்த்தால் தையல் ஓரமெல்லாம் கொசுவம் போல ஆகிவிடும். கரையிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நுனியில் கடினமான மணி திரளும். ஓர் அங்குலத்தில் பாவிலும் (நீளவாட்டு இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) 60 இழைக்குக் குறையாமல் இருப்பதை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். உடுத்தி நைந்த பழைய துணியைப் புதியதோடு கலக்கவே கலக்காதீர்கள்.

என் அனுபவம் என்று கேட்டால், என் மகளின் பள்ளிச் சீருடைத் துணியே முதல் மழையில் சாயம் போனது; அது எங்கள் பட்டறைத் துணிதான்.

கைத்தையல்

ஐயா இழையை எண்ணச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "எண்ணிக்கை ஏற ஏற நல்லது" என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். நான் அப்படித்தான் புறப்பட்டேன். மிக நெருக்கமாக நெய்த படுக்கைவிரிப்புத் துணியை மேலும் கீழும் வைத்து, நடுவே பஞ்சு பரப்பி, கையால் ஓட்டுத்தையல் போட உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசையில் ஊசி உள்ளே போக மறுத்தது, அழுத்தினேன். ஊசியின் காதுப்பக்கம் நடுவிரலுக்குள் இறங்கியது. அதில் வந்த ரத்தத் துளியின் கறை வெளிர்மஞ்சள் பூவின் நடுவில் விழுந்ததால், அங்கே ஒரு பிரெஞ்சு முடிச்சு (நூலை ஊசியில் சுற்றிப் போடும் புள்ளித் தையல்) போட்டு மறைத்திருக்கிறேன். இயந்திரத்தில் தைப்பவருக்கு அந்த நெருக்கம் இடைஞ்சலாக இல்லாமல் இருக்கலாம். கையால் தைப்பவர், கடையில் கூச்சப்படாமல் ஓர் ஊசியைத் துணியின் ஓரத்தில் குத்தி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மீட்டர் சொல்ல வேண்டும்.

சுங்குடிப் பெட்டி

பழைய துணியைக் கலக்கக் கூடாது என்று சாயக்காரர் சொன்னது பாதி சரி. மாமியாருடைய சுங்குடிச் சேலைகள் இரண்டைப் புதுப் பாப்ளினோடு சேர்த்துத் தைத்தேன். ஆறு மாதம் கழித்து, காலையில் போர்வையை உதறும்போது சேலைத்துண்டு கிழிந்தது. தையல் பிரியவில்லை; தையலை ஒட்டி, ஒரு நூலளவு தள்ளி, புள்ளிகளின் நடுவே கிழிந்துகொண்டே போனது. சத்தமே இல்லை. புதுத்துணி இழுத்த இழுப்புக்கு முப்பது வருடத்துச் சேலை ஈடுகொடுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆனால் என் அம்மா பழஞ்சேலைகளை மட்டுமே அடுக்கித் தைத்த போர்வை, நாங்கள் நான்கு பேர் இழுத்துச் சண்டை போட்டும் தாங்கியது. அதில் எல்லாத் துண்டும் ஒரே அளவுக்கு நைந்தவை, ஒன்றை ஒன்று இழுக்கவில்லை. எனவே பழையதைத் தள்ளச் சொல்லாதீர்கள், ஐயா. பழையதைப் பழையதோடு வைக்கச் சொல்லுங்கள். மற்றபடி, சேலை எடுப்பவர்கள் கொசுவம் வரும் பகுதியையும் ஃபால் தைத்த கீழ் ஓரத்தையும் விட்டுவிட்டு, உள்முனையிலிருந்து வெட்டுவது நல்லது. அங்கேதான் தேய்மானம் குறைவு.

ஊசிநூல்

சாயக்காரர் ஐயாவுக்கு நன்றி. அந்தச் சிவப்புத் துணியில் அரை மீட்டர் மிச்சமிருந்தது. நேற்று அதைச் சோப்புப் போட்ட வெந்நீரில் நான்கு முறை அலசினேன். நான்காவது தண்ணீரிலும் கைக்குட்டை சிவந்தது. இப்போது ஐந்தாவது முறையாக ஊறிக்கொண்டிருக்கிறது. அண்ணி அதே மாதிரி இன்னொன்று, "அந்தப் பார்டரோடு" வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.