வீட்டு நெட்டுக்கு வயரா, வைஃபையா: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

செங்கோட்டை அம்மா:
மகளுக்கு முதல் வேலைக்கான இன்டர்வியூ, வீடியோவில். எங்களுடையது 1956க்கு முன்னால், ஊர் திருவிதாங்கூரோடு இருந்தபோது கட்டிய வீடு. சுவர் ஒன்றரை அடி, கல்லும் சுண்ணாம்பும். வைஃபை கொடுக்கும் ரூட்டர் முன்கட்டில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். சத்தம் கேட்கக்கூடாது என்று அவள் பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கால் மணி நேரம் நன்றாகத்தான் பேசினாள். அப்புறம் "ஹலோ சார், கேட்குதா? கேட்குதா சார்?" கதவுக்கு வெளியே நின்று ஏழெட்டு முறை அதைக் கேட்டேன். கடைசி முறை அவள் குரல் உடைந்துவிட்டது. நெட் திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. ரூட்டரோடு வாங்கிய 20 மீட்டர் லேன் கேபிள், ரூட்டரிலிருந்து நேராக நெட் கொண்டுவரும் வயர், பிரிக்காமலே பரணில் கிடந்தது. சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

கூடலூர், தேனி மாவட்டம்:
அக்கா, கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வயர் போட்டால் நிம்மதி என்று மட்டும் நினைக்காதீர்கள். அண்ணன் வீட்டு ரூட்டரிலிருந்து மொட்டை மாடி வழியாக எங்கள் வீட்டுக்கு லேன் கேபிள் இழுத்திருந்தோம், 40 மீட்டர் இருக்கும். ஐப்பசி மாதம், சாயங்காலம், குமுளி மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி எங்கள் வீட்டில் விழவில்லை, எங்கோ தோப்புக்குள் விழுந்தது. லேப்டாப்பில் கேபிள் செருகிய இடத்தில் 'டப்' என்று ஒரு நீலப்பொறி. உள்ளே போர்டு கருகிவிட்டது. ஏலக்காய்க் கணக்கை ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்துவிட்டோம், அது போகட்டும். அதுவரை அந்த லேப்டாப்பில் கை வைத்து டைப் அடித்துக்கொண்டிருந்த என் மனைவி, காயப்போட்ட மிளகாயை அள்ள அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது.

களியக்காவிளை:
கூடலூர் அண்ணா, தப்பு வயரில் இல்லை, அது போன வழியில். செம்புக் கம்பியை வெட்டவெளியில் அவ்வளவு தூரம் இழுத்தால், மின்னல் பக்கத்தில் விழுந்தாலே கம்பியில் மின்னழுத்தம் ஏறிவிடும். வீட்டுக்கு வீடு போவதற்கு ஃபைபர்தான் சரி. அது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. இதைச் சொல்லி வீட்டுக்குள்ளேயே போகிற கேபிளுக்கும் சேர்த்து எல்லோரையும் பயமுறுத்தாதீர்கள்.

என் கதை சின்னது. 200 எம்பி வேக பிளான், மூன்று மாதமாகக் கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் 94க்கு மேல் ஏறவில்லை. லைன் பார்க்கிற பையனிடம் இரண்டு தடவை கத்தியிருக்கிறேன். அவன்தான் கடைசியில் கேபிள் நுனியில் இருக்கும் ஜாக்கை வெட்டிக் காட்டினான்: பிரவுன் கம்பி உள்ளே ஒடிந்திருந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, 100 எம்பி போக நான்கு போதும், அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். அவன் ஒன்றும் பேசாமல் புது ஜாக்கை மாட்டிவிட்டுப் போனது இன்னும் உறுத்துகிறது.

இனி வாங்குகிறவர்கள் கேபிள் ரகம் கேட்5இ அல்லது கேட்6 என்று கேட்டு வாங்குங்கள். கேட்5இ 100 மீட்டர் வரை 1000 எம்பி தாங்கும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் கடையில் உண்டு, விலை குறைவு, வளைத்தால் ஒடியும். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதை விடாதீர்கள். அப்புறம், இரண்டில் ஒன்றுதான் என்பதே தேவையில்லாத கவலை. சாதாரண வைஃபை ரூட்டரின் பின்புறமே கேபிள் செருகும் லேன் போர்ட் இருக்கிறது. இடம் மாறாத டிவி, கம்ப்யூட்டருக்கு வயர், கையில் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு வைஃபை. செங்கோட்டை அக்கா, ரூட்டரை இன்றைக்கே பீரோவை விட்டு நகர்த்தி உயரமாக வையுங்கள். இரும்பு சிக்னலை மறித்துவிடும்.

நகரி:
தம்பி, இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் வயர் செருக ஒரு பொருளும் இல்லை. இருப்பது இரண்டு செல்போன். வீட்டுக்காரர் வெளிநாட்டில். ராத்திரி தறிச் சத்தம் அடங்கிய பிறகுதான் அத்தை தன் மகனோடு பேசுவார். உள்ளறையில் படம் நின்று நின்று வரும் என்று திண்ணைக்குப் போய்விடுவார். ஒரு நாள் நல்ல மழை. முந்தானையைப் போனுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு, தலை நனைய உட்கார்ந்திருந்தார். "இங்கதான் அவன் முகம் உடையாம வருது" என்றார். மறுநாளே ஆள் வரவழைத்தேன். ரூட்டர் விடும் வைஃபை அலை இரண்டாம், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்; இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால் போன் 5ஐயே பிடித்துக்கொண்டு நின்றதாம், அது சுவர் தாண்டினால் தளர்ந்துவிடுமாம். பெயரைப் பிரித்து, அத்தை போனில் 2.4 மட்டும் போட்டுக் கொடுத்தான். வேகம் குறைவுதான். கட்டிலில் படுத்தபடியே பேசுகிறார்.

கூடலூர்:
களியக்காவிளைத் தம்பி, நான் பயமுறுத்தவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவ்வளவு எழுதினீர்களே, இடி இடிக்கும்போது கழற்றி வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

செங்கோட்டை அம்மா:
பரணிலிருந்து கேபிளை இறக்கிவிட்டேன். நிலைப்படி ஓரமாக நானே கிளிப் வைத்து ஆணி அடித்தேன், பின்கட்டு வரை சரியாக வந்தது. அடுத்த இன்டர்வியூ வியாழக்கிழமை. அவள் தென்காசியில் சித்தி வீட்டிலிருந்து பேசிக்கொள்கிறேன் என்கிறாள்.