லெசித்தின் ஆர்கனோஜெல் செட் ஆகல, என்ன பண்ணலாம்?

கேள்வி: பி.ஃபார்ம் ப்ராஜெக்டுக்கு கீட்டோப்ரோஃபென் (வலி மருந்து) வச்சு தோல்ல தடவுற ஆர்கனோஜெல், அதாவது எண்ணெய் அடிப்படையிலான ஜெல், பண்றேன். லெசித்தின்ங்கற கொழுப்புப் பொருளை ஐசோப்ரொப்பைல் பால்மிட்டேட்ங்கற எண்ணெய்ல கரைச்சாச்சு, ஆனா எண்ணெயாட்டம் ஓடுது. தண்ணி எவ்ளோ விடணும்?

பதில்: முதல்ல லெசித்தின் கிரேடை பாருங்க தம்பி, அதுல இருக்குற முக்கிய கொழுப்பான பாஸ்படிடைல்கோலின் 95 சதவீதமாவது இல்லன்னா பெரும்பாலும் செட் ஆகாது. தண்ணிய துளித்துளியா விடுங்க, கொஞ்சம் தண்ணி பட்டதும் உருண்டையா இருக்குற மைசெல்லாம் (லெசித்தின் மூலக்கூறு கூட்டம்) நீள நீள புழு மாதிரி வளந்து ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், அதான் ஜெல். அதிகமானா பிரிஞ்சுடும்.

பதில்: அந்த கிரேடு காஸ்ட்லி. பிஎல்ஓ (ப்ளூரானிக் லெசித்தின் ஆர்கனோஜெல்) ட்ரை பண்ணுங்க, ப்ளூரானிக் எஃப்127ங்கற பாலிமரை 20 சதவீதம் தண்ணில கரைச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, குளிர்ல தண்ணியா இருக்கும், ரூம் சூட்டுல கட்டியாகும். ஒரு சிரிஞ்சுல லெசித்தின் கரைசல், இன்னொண்ணுல ப்ளூரானிக் கரைசல் எடுத்து, ரெண்டையும் கனெக்டர்ல இணைச்சு முன்னும் பின்னும் தள்ளி கலக்குங்க.

பதில்: ஜெல் ஆனா மட்டும் போதாதுங்க, ஃப்ரான்ஸ் செல்லுல (தோல் துண்டைத் தாண்டுற மருந்தை அளக்குற கருவி) தோல் வழியா எவ்ளோ போகுதுன்னு கட்டாயம் பாருங்க. கீட்டோப்ரோஃபென் மூலக்கூறு எடை 254 டால்டன்தான், தோலைத் தாண்ட பொதுவா சொல்ற வரம்பு 500க்கு கீழ, அதனால வாய்ப்பு இருக்கு. ஆனா அமெரிக்காவுல குமட்டலுக்கு மணிக்கட்டுல தடவுற ஏபிஹெச் ஜெல்லும் (லோரசிபாம், டைஃபென்ஹைட்ரமின், ஹாலோபெரிடால் மூணும் சேந்தது) பிஎல்ஓதான், 2012ல வந்த ஆய்வுல 10 பேர் ரத்தத்துல பாத்தா லோரசிபாமும் ஹாலோபெரிடாலும் துளிகூட தெரியல. நோயாளி நம்பி தடவுற மருந்துங்க இது.