சந்திப்பில் கூரை விரிசல்: நெருக்கமான போல்ட்டா, நீளமான போல்ட்டா?

கேள்வி
சுரங்கப் பொறியியல் படிக்கிறேன். தூண்களை விட்டு நிலக்கரி வெட்டும் சுரங்கத்தில், இரு பாதைகள் குறுக்கிடும் சந்திப்பில் ரூஃப் போல்ட் (கூரைப் பாறையில் துளையிட்டுப் பொருத்தும் எஃகுக் கம்பி) அடித்த பிறகும் கூரையில் விரிசல் ஓடினால், போல்ட்டுகளை இன்னும் நெருக்கமாக அடிப்பதா, நீளமானவற்றை அடிப்பதா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கூரை மெல்லிய ஷேல் (களிமண் இறுகி உண்டான பாறை) அடுக்குகள் என்று கொள்ளுங்கள்.

பதில் 1
எட்டும் உயரத்தில் உறுதியான மணற்பாறை இருந்தால், போல்ட் அதைப் பற்றிக்கொண்டு கீழுள்ள ஷேலைத் தொங்கவிட்டுத் தாங்குகிறது. அது இல்லாத இடத்தில், துளை முழுவதும் ரெசின் பசை நிரப்பிய போல்ட்டுகள் அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று நழுவவிடாமல் இறுக்கி, ஒரே தடித்த உத்தரமாக்குகின்றன. பாதை 5 மீட்டர் அகலம் என்றால் சந்திப்பில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 7 மீட்டர். தூணின் மூலைகள் உதிர்ந்தால் அது இன்னும் கூடும். பாதையின் நடுவில் தாக்குப்பிடித்த அதே போல்ட் அமைப்பு சந்திப்பில் தோற்பது இதனால்தான்.

பதில் 2
மேலுள்ள விளக்கம் சரி; ஆனால் கேட்கப்பட்ட முடிவை அளவீடுதான் தர வேண்டும். கூரையின் அசைவைக் காட்டும் இரட்டை உயர டெல்-டேல் கருவியில், ஒரே துளைக்குள் ஒரு நங்கூரம் போல்ட்டின் மேல்முனைக்குச் சற்றுக் கீழேயும், மற்றொன்று அதற்கு வெகு மேலேயும் பொருத்தப்படும். துளையின் வாயில் தொங்கும் வண்ணப் பட்டைக் குறிகளில், ஒன்று போல்ட் உயரத்துக்குள் அடுக்குகள் பிரிவதையும் மற்றொன்று அதற்கு மேலே பிரிவதையும் காட்டும். உள்ளேயே பிரிந்தால் போல்ட்டுகளை நெருக்கமாக்க வேண்டும். மேலே பிரிந்தால் எத்தனை போல்ட் கூட்டினாலும் உத்தரம் முழுவதுமாக இறங்கிவிடும் என்பதால், எஃகு வடத்தாலான நீளமான கேபிள் போல்ட் தேவை. சந்திப்பு வெட்டப்பட்ட உடனே கருவியைப் பொருத்துங்கள். தாமதித்தால் முதல் அசைவுகள் பதிவாகாமலே போய்விடும். கம்பியால் தட்டிப் பார்த்து, கணீரென்ற ஒலிக்குப் பதில் பொத்தென்று கேட்கிறதா என்று அறிவது இன்றும் அவசியம். ஆயினும் அந்த ஒலி அருகிலுள்ள அடுக்கை மட்டுமே சொல்லும்.

பதில் 3
விரிசலோடு தூண்களின் பக்கங்கள் உதிர்வதும் தரை மேலெழுவதும் தெரிந்தால், அதைப் போல்ட்டின் சிக்கலாகப் பார்க்காதீர்கள், ஆட்களை வெளியேற்றுங்கள். 1960-இல் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தில் 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது தூண்களின் தொடர் சரிவு. அதன் பின் ஆய்வாளர்கள் சாலமனும் மன்ரோவும், நிலைத்த தூண்களையும் சரிந்த தூண்களையும் ஒப்பிட்டு 1967-இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, தூணின் வலிமை அகலத்தோடு கூடும், உயரத்தோடு குறையும். ஆகவே தரையையோ கூரையையோ கூடுதலாக வெட்டிப் பாதையை உயர்த்தும் முன் தூணின் கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள்.